பதினேழாவது கேள்வி

— அப்போ மாடியில சிரிச்சது பேய் இல்லையா?

— பேய் இல்லக்கா. பொண்டாட்டி.

— யாரு பொண்டாட்டி?

— அந்தப் பங்களாக்காரரோடது. வீட்டோட தங்கி குழந்தைக்குப் பாடம் சொல்லிக் குடுக்க வந்த டீச்சரைக் கட்டிக்கிறேன்னு சொன்னாரே, அவரோட மொதல் பொண்டாட்டி. உயிரோடதான் இருந்திருக்கா. மாடி ரூம்ல பூட்டி வெச்சிருந்தாரு. கல்யாணத்தன்னிக்கி சர்ச்சுல ஒருத்தன் எழுந்து சொல்றப்பதான் டீச்சருக்கே தெரியுது.

— ஒரு மாசமா பஸ்ல கதை சொல்றே. இதப் போயி இன்னிக்கி சொல்றே பாரு.

— கதையிலயே இப்பதான் வருது. எழுதினவங்க ஒளிச்சி வெச்சா நான் இன்னாக்கா பண்ணுவேன்?

— அரே, இன்னாமா இது! பஸ்ஸு பஞ்சராகி மாதனூர் ரோட்டோரம் நிக்குது. மொத்த கம்பெனி பொம்பளைங்களும் டீக்கடைக்குப் போய்ட்டாங்க. சவுரியம்மாவும் ரோஷினி டீச்சரம்மாவும் மட்டும் சீட்டை வுட்டு அசைய மாட்டேன்றீங்க. உங்க வெயிட்டையும் சேர்த்து ஜாக்கி தூக்கணுமா?

— நிசார் பாய், நாளைக்கி எனக்கு எம்.ஏ. பரீட்சை. தபால்ல படிக்கிறவளுக்கு பஸ்ஸுதான் க்ளாஸு. இந்த ஒரு நாவலுக்கு மட்டும் கைடுல இருபது கேள்வி இருக்கு. சவுரி அக்காதான் எனக்குப் பதில் சொல்லிக் குடுக்கறாங்க.

— செக்கிங் லைன்ல தோல் பாக்கறவங்க இங்கிலீஷ் பரீட்சைக்குப் பதில் சொல்றாங்களா? வாஹ்!

— பாய், தோலப் பாக்கறதும் இதும் ஒண்ணுதான்னு வெச்சிக்கோ. பாலிஷ் போட்டா கண்ணுக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும். மாட்டை உண்ணி கடிச்ச எடம் விரல்லதான் தட்டும். நீ போயி டயரைப் பாரு.

— பாக்கறேன், பாக்கறேன். ஸ்பேர் டயரும் காத்து கம்மியா இருக்குது. ஒரே பேஜாரு.

— இன்னும் எவ்ளோ நேரம் பாய்?

— அரை மணின்னு சொல்றேன், ஜாஸ்தியும் ஆவலாம். ஏன் டீச்சரம்மா, பள்ளிகொண்டாவுல குடியாத்தம் பஸ்ஸு போய்டுமா?

— பஸ்ஸு போனா அடுத்தது வரும். ஆறு மணிக்கி எனக்கு ஒரு போன் வரும். வீட்டுக்குப் போயி அம்மா பக்கத்துல உட்கார்ந்து பேசலாம்னு இருந்தேன்.

— அவரா ரோஷினி? ராணிப்பேட்டைக்காரரா?

— ஆமாக்கா. கட்டிக்கிறியான்னு கேட்டாருல்ல, இன்னிக்கி பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

— இன்னா பதில் சொல்லப்போறே?

— தெரியல. நீங்க சொல்லுங்க.

— என்னைக் கேக்காத. கேள்வியப் படி. பரீட்சைதான் நாளைக்கி.

— சரி, இது பதினாலு. தமிழ்ல எழுதி வெச்சிருக்கேன். 'நள்ளிரவில் சிரிப்பொலி கேட்ட பின்னும் அவள் ஏன் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை?'

— எங்க போவா? போறதுக்கு வேற வீடு இருக்குதா அவளுக்கு?

— இல்ல. அநாதை.

— அதான் பதில். அப்புறம் அந்த ஆளு அவளை உட்கார வெச்சிப் பேசறான்ல?

— ஆமா. சம்பளத்துக்கு இருக்கறவதானேன்னு பாக்காம, நெருப்பு பக்கத்துல உட்கார வெச்சி, சமமாப் பேசறாரு.

— யாரும் உட்காருன்னு சொல்லாதவளுக்கு ஒருத்தன் நாற்காலி போட்டா, மாடியில சத்தம் கேட்டா கூட பூனைன்னு நெனைச்சிக்குவா. எழுதிக்கோ.

— இத எப்படிக்கா இங்கிலீஷ்ல எழுதறது?

— அது உன் பாடு.

— வேதாசலம் சாரும் அப்படித்தான்க்கா. நம்ம கம்பெனிக்கு தோலுக்குப் போடற கெமிக்கல் சப்ளை பண்றவரு, எவ்ளோ பெரிய ஆளு. ஆபீஸ்ல நான் டைப் பண்ண லெட்டரைப் பாத்துட்டுத்தான் பொண்ணுக்கு டியூஷன் எடுக்கக் கூப்ட்டாரு. ஞாயித்துக்கெழமையானா கார் அனுப்புவாரு. மொதல் நாள்ல இருந்து இன்னிக்கி வரைக்கும் நான் உட்கார்ந்தப்புறம்தான் அவரு உட்காருவாரு. கத்திப் பேசி நான் கேட்டதே இல்ல. கதவைக்கூட சத்தம் இல்லாம சாத்துவாரு.

— ...சத்தம் இல்லாம.

— ஆமாக்கா. ஏன்?

— ஒண்ணும் இல்ல. அடுத்த கேள்வி.

— டீச்சரம்மா, நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. அந்த இங்கிலீஷ்காரிய வுடு. நம்ம பஸ்லயே ஒரு கேள்வி இருக்குது. எட்டு வருஷமா சவுரியம்மா கடைசி சீட்டு. யாருகிட்டயும் பேச்சு கெடையாது. போன வருஷம் நீ அந்த ராணிப்பேட்டை வீட்டு டியூஷன் பத்தி என்கிட்ட சொல்லிக்கினு வந்தே பாரு, அடுத்த நாள்ல இருந்து உன் பக்கத்து சீட்டு. அது இன்னா மாயம்?

— பாய், டயரு.

— இதோ, போய்ட்டேன், போய்ட்டேன்.

— அவரு சொல்றது நெசம்தான்க்கா. திங்கக்கெழமையானா என்னை விடமாட்டீங்க. மிருதுளா இன்னா சாப்ட்டா, தலைக்கு யாரு எண்ணெய் வெச்சது, எந்தப் பாடத்துல தப்பு பண்ணா... அவ அம்மா இருந்தாக்கூட இவ்ளோ கேட்டிருக்க மாட்டாங்க.

— அம்மா இல்லாத பொண்ணுன்னு நீதானே சொன்னே. கேட்டா தப்பா?

— தப்புன்னு சொல்லல. நீங்க குடுத்தனுப்பற கடலை உருண்டைய அவ ஸ்கூல் பேக்ல ஒளிச்சி வெச்சிக்கிறா. யாரு செஞ்சதுன்னு கேட்டா. பஸ்ல ஒரு ஆன்ட்டின்னேன்.

— ஆன்ட்டி.

— அவளுக்காகத்தான்க்கா யோசிக்கிறேன். பதினாலு வயசு. போன வாரம் என் மடியில படுத்துக்கிட்டு, 'மிஸ், நீங்க இங்கயே இருந்துடுங்களேன்'ன்றா. எனக்கும் இருபத்தொம்பது ஆவுது. வந்த வரன் ரெண்டும் கை தவறிப் போச்சி. அப்பா தறியில உட்கார்ந்தா என் மூஞ்சிய நிமிர்ந்து பாக்கறதில்ல. இவரு நல்லவரு. வேற இன்னா வேணும்?

— நல்லவருதான்னு வெச்சிக்கோ. இதுக்கு கைடுல கேள்வி இருக்குதா?

— இருக்கு. பதினாறு. 'அந்தக் கனவான் கொடியவரா, இரக்கத்துக்கு உரியவரா?'

— நீ இன்னா எழுதுவே?

— ரெண்டும்னு எழுதுவேன். பொண்டாட்டிக்குப் பைத்தியம்னு சொல்லாம கட்டி வெச்சிட்டாங்க. வெளியில தொரத்தாம, சாப்பாடு போட்டு, பாத்துக்க ஆள் வெச்சி, பங்களாவுலயே வெச்சிருந்தாரு. அந்தக் காலத்துல ஆஸ்பத்திரிங்க அதவிட மோசமாம்.

— அவளுக்குப் பைத்தியம்னு யாரு சொல்றது?

— அவருதான் சொல்றாரு.

— அவ இன்னா சொல்றா?

— அவ பேசறதே இல்லக்கா. புக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசல. சிரிக்கிறா, கடிக்கிறா, கொளுத்தறா. அவ்ளோதான்.

— அப்போ ஒரு பக்கத்து பேச்சைக் கேட்டுட்டுத்தான் மார்க் போடறாங்க.

— அதையும் கேட்டிருக்காங்க, பதினெட்டு. 'அவள் உண்மையிலேயே மனநலம் குன்றியவளா, அல்லது அடைத்து வைத்ததால் அப்படி ஆனாளா?'

— ரோஷினி, நான் அப்படி ஒரு வீடு பாத்திருக்கேன்.

— எப்படி வீடு?

— மாடியில ஒருத்தி. கீழ அவளுக்கு சோறு கொண்டு போறதுக்கு, சாவி வெச்சிக்கிறதுக்கு ஒரு அம்மா. இங்கதான், பாலாத்தங்கரைப் பக்கம்.

— நீங்க அங்க வேலை பாத்தீங்களா?

— அந்த வீட்ல இருந்தேன்னு வெச்சிக்கோ.

— அவங்களுக்கு நெசமாவே பைத்தியமா?

— குழந்தை பொறந்தப்புறம் அவளுக்குத் தூக்கம் வரல. மூணு மாசம். தூங்காதவ அழுவா. அழுதான்னு டாக்டரைக் கூட்டியாந்தாங்க. மாத்திரை குடுத்தாங்க. மாத்திரை போட்டா எந்நேரமும் தூங்கினா. குழந்தை அழறதுகூட கேக்காம தூங்கறா, இவகிட்ட எப்படி குழந்தைய விடறதுன்னாங்க. குழந்தையக் கீழ எடுத்துக்கினு போய்ட்டாங்க. அன்னிக்கி சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி செவுத்துல அடிச்சா. அன்னிக்கிதான் வெளிப்பக்கம் தாப்பா போட்டது.

— எவ்ளோ நாள்?

— ரெண்டரை வருஷம். மொதல் நாள் தட்டினா, கத்தினா. அப்புறம் கத்தல. ஜன்னல் இருந்துது. அதுல ஆறு தெரியும். தண்ணி இல்லாத ஆறு. மாடு மேயறத எண்ணிக்கினு உட்கார்ந்திருப்பா. கீழ குழந்தை நடக்கற சத்தம் கேக்கும். கொலுசுல ஒரு கால்ல மணி கழண்டு போயிருந்துது. ஒரு கால் சத்தம் வரும், ஒரு கால் வராது.

— அந்தப் புருஷன்?

— கத்தமாட்டான். அடிக்கமாட்டான். தெனம் வந்து வாசப்படியில நின்னு, 'ஒடம்பு எப்படி இருக்கு'ன்னு கேப்பான். நல்லாருக்குன்னு சொன்னா, 'டாக்டர் அப்படி சொல்லலியே'ன்னு சொல்லிட்டு கதவைச் சாத்துவான்.

— சத்தம் இல்லாமயா?

— நீதான் சொல்றே. நான் சொல்லல.

— அக்கா, இன்னா இப்படிப் பேசறீங்க? யாரு வீடு அது?

— பதினேழாவது கேள்விய வுட்டுட்டு ஏன் தாண்டினே? அதப் படி.

— வேணாம்க்கா, கேக்கறதுக்கு...

— படி.

— 'அந்த வீட்டில் இருந்தவர் எவரும் ஆசிரியையிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை?'

— கைடுல இன்னா பதில் போட்டிருக்காங்க?

— வேலைக்காரங்களுக்கு எஜமான் மேல பயம், விசுவாசம்னு போட்டிருக்காங்க.

— அது பாதி பதில். சொன்னா, சொல்றவளுக்கு ஏதோ ஒண்ணு கைய வுட்டுப் போயிடும். அதான் சொல்லமாட்டா. சாவி வெச்சிருக்கறவளுக்கு வேலை போயிடும். சமைக்கிறவளுக்கு எடம் போயிடும். இன்னொருத்திக்கு... இன்னொருத்திக்கு வேற ஒண்ணு. தெனம் ஒரு பொண்ணு பக்கத்துல உட்கார்ந்துக்கினு, சொல்லலாமா வேணாமான்னு ஒரு வருஷம் ஓட்டுவா. இவ நல்ல பொண்ணு, இவ அந்த வீட்டுக்குப் போனா குழந்தைக்கு நல்லதுதானேன்னு கூட தோணும். அப்படித் தோணறதுதான் பெரிய திருட்டுத்தனம்.

— யாரைச் சொல்றீங்க? எனக்கு ஒண்ணும் புரியல.

— புரியும். நான் ஒண்ணு கேக்கறேன், நீ சொல்லு. அந்த வீட்டு ஹால்ல போட்டோ இருக்குதா?

— இருக்கு. மிருதுளா அம்மாவோடது. ஹேமலதான்னு பேரு. சந்தன மாலை போட்டு, சின்ன லைட்டு எரியும். அழகா இருக்காங்க. மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி. குழந்தைக்கி ரெண்டரை, மூணு வயசு இருக்கறப்போ ஊருக்குப் போன எடத்துல ஜுரம் வந்து எறந்துட்டாங்கன்னு சொன்னாரு.

— எந்த ஊரு?

— சொல்லல.

— அவளுக்குத் திதி குடுக்கறாங்களா?

— திதியா?

— வருஷா வருஷம் எள்ளும் தண்ணியும் விடுவாங்கல்ல. உங்க வீட்ல தாத்தாவுக்கு விடல? எந்த மாசம், எந்த திதி?

— இருங்க... போன ஆடி அமாவாசை ஞாயித்துக்கெழமை வந்துது. நான் அங்கதான் இருந்தேன். அவரு அப்பாவுக்கு ஆத்தங்கரையில குடுத்துட்டு வந்தாரு. மிருதுளா கேட்டா, 'அப்பா, அம்மாவுக்குக் குடுத்தியா'ன்னு. உள்ள இருந்து அவங்க ஆயா, சாரோட அம்மா கங்கம்மா, ஓடி வந்து பொண்ணு வாயப் பொத்தினாங்க. 'அந்தப் பேச்சு பேசாதே, பாவம் சுத்திக்கும்'னு கத்தினாங்க. செத்தவங்களுக்கு செய்யாததுதானே பாவம்னு அப்பவே தோணுச்சி. பெரியவங்க ஏதோ சொல்றாங்கன்னு விட்டுட்டேன்.

— கங்கம்மா சாமிக்கு பயந்தவ. ஊருக்காவ மாலை போடுன்னு புள்ளைகிட்ட சொல்லிடுவா. லைட்டும் போடுவா. ஆனா உயிரோட இருக்கறவளுக்கு எள்ளுத் தண்ணி விடறதுக்கு அவளுக்குக் கை வராது. விட்டா குடும்பம் வெளங்காதுன்னு நெனைக்கிறவ. பதினோரு வருஷமா விடல.

— உயிரோடயா?

— கத்தாத. பாய் பாக்கறாரு.

— அக்கா, அப்போ நீங்க சொன்ன அந்த மாடி... ராணிப்பேட்டையா? வேதாசலம் சார் வீடா?

— டீச்சரம்மா, நட்டு ஒண்ணு உள்ள படிக்கட்டுல வெச்சேன், இருக்குதா பாரு!

— இல்ல பாய்! ...சொல்லுங்கக்கா. அவங்க செத்துப்போகலையா?

— அந்த இங்கிலீஷ் கதையில மாடியில இருந்தவ இன்னா ஆனா?

— வீட்டைக் கொளுத்திட்டு, மேல இருந்து குதிச்சி செத்துட்டா.

— சாவலைன்னா டீச்சருக்கு எப்படிக் கல்யாணம் ஆவும்? கதைக்காரிக்கு வேற வழி இல்ல. இங்க நெருப்பு இல்ல. கார்த்திகை மாசம் கடை ஞாயிறு. வீட்ல எல்லாரும் விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போனாங்க. சாவி வெச்சிருந்த அம்மா மேல வந்து கதவைத் தொறந்து, 'எறங்கு, நட'ன்னாங்க. அவ்ளோதான்.

— அந்த அம்மாவுக்கு எப்படி மனசு வந்துச்சி?

— எனக்குத் தெரியல. கேட்டா, 'படி ஏறி ஏறி முட்டி வலிக்குது'ன்னாங்க.

— அப்புறம் போலீசுக்குப் போயி குழந்தைய வாங்கியிருக்கலாம்ல?

— பைத்தியம்னு டாக்டர் எழுதின பேப்பரு அவன்கிட்ட இருக்குது. இவகிட்ட இன்னா இருக்குது? மொதல்ல இவளைத்தான் திரும்ப மாடியேத்துவாங்க. அந்த அம்மா வீட்லயே ஒளிஞ்சிருந்தா. ரெண்டு வருஷம் தோல் தைக்கக் கத்துக்கிட்டா. அப்புறம் அந்த அம்மா ஈரல் கெட்டு படுத்துட்டாங்க. சாவறதுக்கு முன்னாடி ரேஷன் கார்டு, அஞ்சாவது படிச்ச சர்டிபிகேட்டு எல்லாத்தையும் இவ கையில குடுத்து, 'என் பேருல வேலைக்குப் போ, உன் பேரு ஆபத்து'ன்னாங்க. காண்ட்ராக்டர் இவ மூஞ்சிய எங்க பாத்தான், கையத்தான் பாத்தான்.

— எந்தக் கம்பெனியில? இப்போ எங்கக்கா இருக்காங்க? எந்தப் பேருல?

— உன் போன் அடிக்குது.

— அவருதான். அக்கா, நான் இன்னா சொல்றது?

— அத நான் சொல்லமாட்டேன்.

— ...ஹலோ. சார். இல்ல சார், பஸ்ஸு பஞ்சரு, மாதனூர்ல நிக்கிறோம். கார் வேணாம் சார்... ஆமா சார், யோசிச்சேன்... சார், அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். மிருதுளா அம்மாவுக்குத் திதி என்னிக்கி சார்?... சும்மாதான் சார். வீட்டுக்கு வர்றவ செய்யணும்ல, அதான் தெரிஞ்சிக்கலாம்னு... சார்? லைன்ல இருக்கீங்களா?... சரி சார். வேணாம் சார், நீங்க கேட்டு சொல்ல வேணாம். எனக்கு இஷ்டம் இல்ல சார். காரணம் எல்லாம் ஒண்ணும் இல்ல... அத அப்புறம் பாக்கலாம் சார். வெச்சிடறேன்.

— இன்னா சொன்னான்?

— 'அம்மாவைக் கேட்டு சொல்றேன்'னாரு. பொண்டாட்டி செத்த திதிய அம்மாவைக் கேட்டு சொல்றாராம்.

— கத்தினானா?

— இல்லக்கா. ரொம்ப மரியாதையா, 'உனக்கு ஒடம்பு சரியில்லையா, டாக்டரைப் பாக்கறியா'ன்னு கேட்டாரு. நீங்க சொன்ன அதே டாக்டரு பேச்சு. பாருங்க.

— தண்ணி குடி.

— டீச்சரம்மா, சவுரியம்மா, டயர் மாட்டியாச்சி! டீக்கடைக்கு ஹாரன் அடிக்கப்போறேன், காதைப் பொத்திக்கோங்க! இன்னாமா, ரெண்டு பேரும் அழுவறீங்களா? கதையில யாருனா செத்துட்டாங்களா?

— இல்ல பாய். சாவலையாம். நீ வண்டிய எடு.

— அக்கா, கடைசியா இன்னொண்ணும் சொன்னாரு. கல்யாணம் வேணாம்னா பரவாயில்ல, பாப்பாவோட பரீட்சை வரைக்குமாவது டியூஷன விட்டுடாத, அவ உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கான்னாரு. நான் ஏன் போறேன்? அந்த வாசப்படிய இனிமே மிதிக்க மாட்டேன்.

— இல்ல. டியூஷன மட்டும் விடாத.

— எப்படிக்கா போவேன், இவ்ளோ தெரிஞ்சப்புறம்?

— ஹாலோட உட்கார்ந்துக்கோ. கதவு தொறந்தே இருக்கட்டும். மாடிக்குக் கூப்ட்டா போவாத. கார்ல ஏறாத, பஸ்லயே போயிட்டு வா. ஆனா போ.

— எனக்கு பயமா இருக்கு. யாருக்காகக்கா நான் போகணும்?

— நீ போவலைன்னா, திங்கக்கெழமை காலையில இந்த பஸ்ல உட்கார்ந்து, என் பொண்ணு இன்னா சாப்ட்டான்னு எனக்கு யாரும்மா சொல்லுவாங்க?